இடப்பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு பட்டை

தமயந்தி டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று செல்வி டீச்சர் போனில் சொன்னபோது, என் வாயில் வந்த முதல் கேள்வி, "வண்டி எங்க நிக்குது?" என்பதுதான். வேறு யார் காதிலாவது அது விழுந்திருந்தால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். செல்வி அழுதுகொண்டே, "வீட்டு வாசல்லதான், கோணிக்கிட்டு" என்றாள்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை அம்பாசிடரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கு டீச்சரான தமயந்தி, தன் அப்பா விட்டுப்போன அந்த வண்டியைத் தாராசுரத்திலிருந்து வலங்கைமான் பக்கத்திலுள்ள எங்கள் பள்ளிக்கு ஓட்டி வருவார். கும்பகோணத்தில் செல்வியையும் என்னையும் ஏற்றிக்கொள்வார். செல்வி முன்சீட்டில். பின்சீட்டில் இடப்பக்கக் கதவோரம் நான். காற்று படாவிட்டால் எனக்குக் குமட்டும், நடுவில் உட்கார முடியாது. உடம்பும் எனக்குக் கொஞ்சம் தாராளம்.

பின்சக்கரங்களுக்கு மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து, வண்டியின் பின்பக்கம் தொங்கிப் போயிருந்தது. நான் ஏறினால் இடப்பக்கம் இன்னும் இறங்கும். டீச்சர் முதலில் பட்டைகளைக் கழற்றி, காய்ச்சி அடித்து வளைவேற்றிப் பார்த்தார். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. பிறகு ரப்பர் கட்டை வைத்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் எங்கள் தலை கூரையில் முட்டியது. "கூரையை எட்டுற உயரத்துல நம்ம ஸ்டாஃப்ல யாரும் இல்லன்னு நெனச்சேனே!" என்று சிரித்துவிட்டு அதையும் எடுத்தார்.

குறுவை அறுப்பு சமயம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். எதிரே பஸ் வர, டீச்சர் நெல்லின் மேல் ஒதுக்கினார். தொங்கிக்கொண்டிருந்த சைலன்சர் நெல்லை வாரிக்கொண்டே போனது. நெல்லுக்குக் காவல் இருந்தவர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். "டீச்சரம்மா, ஏர் ஓட்டுன மாதிரி இழுத்துட்டுப் போறீங்களே! பின்னாடி இருக்க அம்மா எறங்கி நடந்தா வண்டி தானா தூக்கிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மறுநாள் முதல் டவுன் பஸ்ஸில் போனேன். தம்பி வீட்டிலிருந்து வருவதாக ஏதோ சாக்குச் சொன்னேன். உண்மையில் கூச்சம்தான். மூன்று பேர் போகிற வண்டிக்கு நான் ஒருத்தி பாரமாகிவிட்டேனே என்று.

சில நாள் கழித்து, நான் நின்ற பஸ் நிறுத்தத்திலேயே அந்த வண்டி வந்து நின்றது. இடப்பக்கப் பின்புறம் தூக்கிக்கொண்டு, மொத்த வண்டியும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன டீச்சர், இப்படிக் கோணிக்கிட்டு?"

"இடப்பக்கம் மட்டும் பட்டை ஒண்ணு சேத்துப் போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் போட்டாத்தான் வண்டி நேரா நிக்கும்னு பட்டறைக்காரர் ஒரே சண்டை. எங்க ஆளு ஏறுனப்பறம் நேரா நின்னா போதும்னுட்டேன். ஏறுங்க சுந்தரி, பெல் அடிச்சுருவாங்க."

ஏறினேன். வண்டி மெல்ல இறங்கிச் சமமாக நின்றது. செல்வி கைதட்டினாள். டீச்சர் ஒன்றுமே நடக்காதது போல கியரைப் போட்டார்.

அன்றிலிருந்து, "நீங்க வராட்டி வண்டி கோணிக்கும்" என்பது அவர் வாயில் நிலைத்துவிட்டது. கல்யாணமோ கோயிலோ, எதற்கும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். என் கணவர் இறந்து நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தபோதும், வாசலில் ஹாரன் அடித்துவிட்டு அதையேதான் சொன்னார். ஆறுதலாக வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து ஏறினேன்.

தகனத்துக்கு மறுநாள், அஸ்தியைக் காவேரியில் கரைக்க அந்த வண்டியிலேயே கிளம்பினார்கள். நான் வாசலில் ஒதுங்கி நின்றேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டீச்சரின் மகன் அஸ்திக் கலயத்தோடு என்னிடம் வந்து, "ஏறுங்க ஆன்ட்டி" என்றான். "பொம்பளைங்க எதுக்குப்பா அங்க?" என்றார் அவன் மாமா.

"அவங்க வராட்டி வண்டி கோணிக்கும் மாமா. அம்மாவை நேரா கூட்டிட்டுப் போகணும்."

இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வண்டி மெல்ல இறங்கிச் சமமானது. அவன் கலயத்தை என் மடியில் வைத்தான். டீச்சர் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது அந்த இடம் ஒன்றுதான். அன்று அவரையும் அதில்தான் உட்கார்த்தி வைத்துக்கொண்டு போனேன்.