வண்டி நுழையாத கடைவீதியில் பெரியப்பா

பெரியப்பா நடுவீதியில் நின்று தன் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் காட்சிதான். 'சில்லறை வியாபாரம்' என்பதில் 'வியா' உதிர்ந்துபோய், 'சில்லறை பாரம்' என்று மிஞ்சியிருந்தது. எதிரே லுங்கியும் துண்டும் விற்கும் பாய் தன் வாசலில் நின்று சிரித்தார். "ரொம்ப நாளா அப்பிடித்தானுங்ணா இருக்குது. நானும் இங்கிருந்தே கத்திப் பாத்தேன். ஹாரன் சத்தத்துல உங்களுக்கு எங்கீங்க கேட்டுது?"

பெரியப்பா அதைப் பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை. வேலம்பாளையத்து வீட்டில் காரில் ஏறினால் கடைப் படியில்தான் இறங்குவார். எங்களுடையது மாட்டு வண்டிகள் போவதற்காகப் போட்ட பழைய வீதி. அதில் காரும் டெம்போவும் பைக்கும் முட்டிக்கொண்டு நிற்க, நடப்பவர்கள் சாக்கடை ஓரமாக ஒண்டிக்கொண்டு போவார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் வீதிக்குள் வண்டி விடாமல் சோதித்துப் பார்க்கலாம், சரிப்பட்டால் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று மாநகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தபோது, எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் பெரியப்பாதான். அதைப் பற்றி மாநகராட்சி கூட்டவிருந்த கூட்டத்தில் எதிர்த்துப் பேச வியாபாரிகள் அவரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் பனியன் கடைக்குத் தீபாவளி விற்பனைதான் வருடம் முழுவதற்கும் தெம்பு. படிப்பை முடித்துக் கல்லாவில் உட்கார்ந்த புதிது எனக்கு. காரில் வருகிறவர்கள் பெரிய ஜவுளிக் கடைகளுக்குத் திரும்பிவிட்டால் நம் கதி என்ன என்று நானும் பயந்துதான் போயிருந்தேன்.

முதல் ஞாயிறன்று தடுப்பு வரைக்கும் காரை ஓட்டிப்போய் நிறுத்தினார். பக்கத்தில் நான். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் குனிந்து, "இங்கிருந்து கொஞ்சம் நடந்து போயிக்குங்க சாமி" என்றார்.

"நான் யாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்களே. எறங்கி நடந்தீங்கன்னா எல்லாரும் தெரிஞ்சுக்குவோமுங்க."

அந்தப் பெண் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பெரியப்பா காரை ஓரங்கட்டினார். இறங்கி நடந்தார். அப்படி வந்துதான் அந்தப் பலகையின் கீழே நின்றார்.

ஞாயிறு பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. அங்கே வேலை செய்யும் தெற்கத்திப் பெண்களும் ஒடிசாப் பையன்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் எல்லா ஞாயிறும் வருகிறவர்கள்தாம். பின்னால் வரும் வண்டிக்குப் பயந்து கடை கடையாகத் தாண்டி ஓடியவர்கள், அன்றைக்குத்தான் நின்று பார்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், உள்ளே வந்தார்கள். "சைஸ் கித்னா? கித்னா சைஸ்?" என்று தனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பெரியப்பா பனியன்களை விரித்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் குழந்தைகள் துணி அலமாரி காலி. அப்போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "இது தீவாளிக் கூட்டம் அம்முணி. வண்டி வந்தாலும் வந்திருக்கும்" என்றார் என்னிடம்.

அவரை அசைத்தது பெரியம்மாதான். சில வருடங்களுக்கு முன் அதே வீதியில் ஒரு பைக் இடித்து முட்டி உடைந்ததிலிருந்து பெரியம்மா கடைத்தெருப் பக்கமே வருவதில்லை. எப்போதாவது வந்தாலும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். வேண்டியதைக் கண்ணாடி வழியாகக் கொண்டுவந்து காட்டுவோம். நான் வீட்டில் போய் வீதியைப் பற்றிச் சொன்னதும், "அடுத்த ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டீட்டுப் போங்க" என்றார். பெரியப்பா மழுப்பினார். பெரியம்மா செருப்பைத் துடைத்து வைத்தார்.

இரண்டாம் ஞாயிறு அவர்கள் வந்ததைக் கல்லாவிலிருந்து பார்த்தேன். பெரியம்மா கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீதியின் நடுவில் வந்துகொண்டிருந்தார். கால் வலித்த இடங்களில் நின்றார். பாய் நாற்காலி கொண்டுவந்து வீதியிலேயே போட்டார். வளையல், பாத்திரம், ஜரிகை ரிப்பன் என்று ஒரு கடை விடவில்லை. பேரம் பேசும்போது அவர் குரல் எங்கள் கடைவரைக்கும் கேட்டது. பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்ற பெரியப்பாவின் முகத்தில், தனக்குப் பழக்கமில்லாத ஒரு ஆளைப் பார்க்கிற வெட்கம் இருந்தது.

அதற்கடுத்து நடந்த மாநகராட்சிக் கூட்டத்தில் எதிர்ப்புச் சொல்லத்தான் பெரியப்பா எழுந்தார். "எங்கூட்டுக்காரி போன ஞாயித்துக்கெழம நம்ம வீதியில நடந்தாளுங்க. மறுக்கா வண்டிய உடச் சொன்னா எனக்கு ஊட்ல சோறு கெடைக்காதுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், சரக்கு இறக்கக் காலையில் நேரமும், நடக்க முடியாதவர்களுக்கு ஒரு பேட்டரி வண்டியும் கேட்டார். சில வியாபாரிகள் அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை. கேட்ட இரண்டும் கிடைத்தன.

இப்போது எங்கள் வீதியில் எல்லா நாளும் நடைதான். கார் நிறுத்துமிடம் தூரம் என்று பெரியப்பா இன்றைக்கும் தினம் குறைபட்டுக்கொள்கிறார். ஆனால் வழியில் டீ, பூக்கடையில் ஊர்க்கதை, பாயிடம் அரசியல். நேற்றுக்கூடப் பெரியம்மா போன் செய்தார். "ஏனம்முணி, உங்க பெரியப்பா கடைக்கு வந்துட்டாரா?"

எட்டிப் பார்த்தேன். பெரியப்பா வீதியில் யாரோ ஒருவர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீதிக்கு வந்துட்டாருங்க பெரீம்மா. கடைக்கு இன்னும் வரலீங்க."