நெற்றிக்குப் பின்னால் நீலம்

என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். கூலிக்கு வரும் பெண்களைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். அப்படிப்பட்டவர், 2004இல் என் தம்பி மகளின் நிச்சயதார்த்தத்தில், சபை நடுவே போய் சீர்த்தட்டிலிருந்த லட்டுகளை எடுத்துத் தின்னத் தொடங்கினார். தடுக்க வந்த சம்பந்தியின் தொப்பையைத் தட்டிச் சிரித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அன்றோடு தம்பி எங்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

குடிக்கிறார் என்றார்கள். அவர் குடித்ததே இல்லை. அந்த வருஷக் கடைசியில் கடல் பொங்கி ஊர்களுக்குள் வந்தது. அனுமந்தையில் தெரிந்த வீட்டுச் சாவுக்குப் போனோம். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் சாப்பாடு எப்போது என்று கேட்டார். கடலைப் பார்த்த பயம் மண்டையில் ஏறிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியது. நானும் அதை நம்பி மந்திரித்துப் பார்த்தேன். ஒருநாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். என்னைத் தாண்டிப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றதெல்லாம் பொறுத்தேன், அது மட்டும் பொறுக்கவில்லை. பல நாள் அவரோடு சண்டை போட்டேன்.

திண்டிவனத்தில் தலைக்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்றார்கள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் தூங்கினார், மாறவில்லை. அடுத்த வருஷம், சென்னையில் வேலை பார்த்த எங்கள் மகள் ஒரு மூளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இவரைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, பாதை மறக்கிறாரா, ஆள் தெரிகிறதா என்று. இவருக்கு எதுவும் மறக்கவில்லை. உப்பளத்தின் எல்லாப் பாத்தியும் தெரியும்.

முதலில் எடுத்த ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும், எந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்பதை வேறு ஸ்கேனில்தான் பார்க்க முடியும் என்று டாக்டர் விளக்கினார். கையில் மருந்து ஏற்றி, வெளிச்சம் குறைந்த அறையில் கண்ணை மூடிப் படுக்க வைத்தார்கள். பேசக்கூடாது, அசையக்கூடாது. இவரா அப்படி இருப்பார் என்று எனக்குப் பயம். பிஸ்கெட் கேட்டார். முடிந்ததும் தருகிறேன் என்று தலையைத் தடவினேன். பிறகு ஒரு பெரிய கேமரா அவர் தலையை மெல்லச் சுற்றி வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே படுத்திருந்தார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த அறையிலேயே எனக்குப் பாதி கரைந்துவிட்டது.

படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார் டாக்டர். மூளையின் பின்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால் நீலம். அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. வெட்கம், அடுத்தவர் மனசை நினைப்பது எல்லாம் அந்த இடத்து வேலை என்றார். மறதி நோயில் இது ஒரு வகை, இதில் மறதி பிறகுதான் வரும். நீங்கள் சொன்னதோடு படமும் ஒத்துப்போகிறது என்றார். குணமாக்க மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

“இவர் வேணும்னு எதையும் செய்யலம்மா. சண்டை போடாதீங்க.”

நான் அழுதேன். மகளும் அழுதாள். இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நல்லா கலரா இருக்குது,” என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

“மாமாவ நான் எத்தினி பேர்கிட்ட திட்டியிருக்கேன்க்கா,” என்றான்.

மறுநாளே வந்தான். அதன் பிறகு சாயங்காலங்களில் மாமாவை வண்டியில் உட்காரவைத்து உப்பளப் பக்கம் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விடுவான். வேலையிலிருந்து அவரை நிறுத்திக்கொண்டோம். சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தேன், சண்டையை விட்டேன். அவர் அடங்கினார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீடு அடங்கியது.

கல்யாணமான நாள் முதல் தெருவில் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார், அவ்வளவு கூச்சம். 2006இல் ஒருநாள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு நடுவே, தானாக என் கையைப் பிடித்துக்கொண்டார். பூக்காரம்மா பார்த்துச் சிரித்தாள். அவருக்குக் கூச்சம் போனது எதனால் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பஸ் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.