ஏலக்காய் அடுப்புக்குக் கூட்டாளி

எழுபதுகளில் வண்டிப்பெரியாருக்கு ஏலக்காய் வாங்க வரும் கம்பத்து வியாபாரி அவர். நெடிய உருவம், பேசும்போது ஒரு காயை விரல்களில் உருட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஊர்க்காரனான நான் குறைந்த விறகில் காய் உலர்த்தும் அடுப்பு ஒன்றைக் கட்ட நினைத்தேன். நம்பிப் பணம் போட்டவர் அவர் மட்டும்தான்.

"கடன் இல்லப்பா, கூட்டு. லாபம்னா ஆளுக்குப் பாதி. போச்சுன்னா ரெண்டு பேருக்கும் போச்சு" என்றார்.

முதல் தடவையே காயெல்லாம் கருகிவிட்டது. கருகியதில் ஒரு பிடி அள்ளி அவரிடம் காட்டினேன்.

"ஏன் கருகுச்சுன்னு தெரிஞ்சுதா?"

"சூடு அடியிலயே நின்னுருச்சுங்கய்யா."

"அப்ப இடிச்சிட்டு வேற கட்டு. என் கூட்டு அப்படியே இருக்கு."

இரண்டாவது அடுப்பில் காய் பச்சை மாறாமல் உலர்ந்தது. அதற்குள் அவர் வருவது நின்றுபோனது. கம்பத்தில் விசாரித்தும் தகவல் இல்லை. இன்றும் பஸ் வந்து நின்றால் இறங்குபவர்களைப் பார்க்கிறேன். ஒரே ஒரு முறை அவரை அந்த அடுப்பின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போலிருக்கிறது.