அத்தை எடுத்த ஆரத்தி

யாராவது காணாமல் போனால், கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலை ஊரில், "எங்க போயிடப் போறாரு, மலையச் சுத்தி இந்தப் பக்கந்தானே வரணும்" என்பார்கள். சும்மா ஆறுதலுக்குச் சொல்வது. என் அத்தை அதை அப்படியே நம்பிவிட்டாள். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போன அவள் கணவர் திரும்பி வரவில்லை.

பிறகு பாதையோரச் சாமியார் ஒருவர் தண்ணீரை எரியவைத்துக் காட்டி, "புருஷன் வருவான்" என்று வாக்குச் சொல்லிவிட்டார். அதிலிருந்து சோறு தண்ணி மறந்து அவர் காலடியிலேயே கிடந்தாள். இப்படியே விட்டால் அத்தை நமக்கில்லை என்று அப்பா பயந்தார்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் அப்பா அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்; டவுன் காலேஜ் லேபில் வேலை பார்த்த என் தாய்மாமா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். உள்ளே மண்ணெண்ணெயில் ஒரு கட்டி. கத்தி அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெட்டிய இடம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது.

"சோடியம்க்கா. காத்து பட்டா மங்கிடும், தண்ணி பட்டா பத்திக்கும். உங்க சாமியார் வித்தை இவ்ளோதான்."

அம்மா கொடுத்த தாம்பாளத் தண்ணீரில் ஒரு துணுக்கைப் போட்டார். அது உருண்டு, சீறி, மஞ்சள் நெருப்பாய் அங்குமிங்கும் ஓடி மறைந்தது.

"எங்க, ஊட்டுக்காரரு வந்துட்டாரா?" என்று மாமா சிரித்தார்.

"சும்மா இரு மச்சான்" என்றார் அப்பா.

அத்தை, அப்போதுதான் மஞ்சள் பூசியிருந்த கையை, நெருப்பு ஓடிய தண்ணீரில் மெல்ல வைத்தாள். கை சிவந்தது. தண்ணீரும் சிவந்தது.

மாமாவின் சிரிப்பு நின்றது. "அது... காரம்க்கா. சோடியம் கரைஞ்ச தண்ணி. சுண்ணாம்பு போட்டா மஞ்சள் செவக்கும்ல, அதேதான்."

"தெரியும் தம்பி. ஆரத்திக்குக் கரைக்கிறதுதானே. யாராச்சும் வந்தாத்தானே எடுப்பாங்க?"

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே கிரிவலக் கூட்டம் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தது. யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆளில்லாத வாசற்படிக்கு நேராக, ஒரு ஆள் உயரத்துக்கு நிதானமாகச் சுற்றினாள். சுற்றி முடித்து, உள்ளே வருபவருக்கு இடம் விடுவதுபோல் ஒதுங்கி நின்றாள்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா ஒதுங்கினார். கடைசியாக மாமாவும், பாட்டிலை மார்போடு அணைத்தபடி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

தண்ணீர் பட்டால் சோடியம் பற்றிக்கொள்ளும் என்பது எட்டு வயதில் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. அத்தனையும் தெரிந்த மாமா யாருக்கு வழிவிட்டார் என்பதுதான் புரியவில்லை.