வேம்பார் சாலை முத்துப் பூங்காவில் நான்கு மணிக் காட்சி

சென்ற தை மாதக் கடைசியில் என் மனைவியின் சித்தப்பா மகளுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்துவிட்டது. ஈரோடு திரும்பச் சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குத்தான் பஸ். மறுவீட்டுச் சமையலில் மனைவி மூழ்கிவிட, எனக்கும் எங்கள் ஒன்பது வயது மகள் இனியாவுக்கும் அந்த வீட்டில் உட்கார இடமில்லை. "கடற்கரைச் சாலையில் ஒரு முத்துப் பூங்கா இருக்கு, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னதை நம்பிக் கிளம்பினோம்.

உங்களுக்கும் இப்படி அரை நாள் கையில் இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் பார்த்தது எல்லாருக்கும் வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம்.

பழைய பஸ் நிலையத்திலிருந்து வேம்பார் போகும் பஸ்ஸில் ஒன்று பத்துக்கு ஏறினோம். எனக்கு முப்பது ரூபாய், இனியாவுக்குப் பதினைந்து. இருபத்தொன்பது கிலோமீட்டர். ஊர் முடிந்ததும் இரண்டு பக்கமும் உப்பளம், உச்சி வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள். உப்புக்குவியல்களைத் தென்னங்கீற்றால் மூடி வைத்திருந்தார்கள். அதன் பிறகு உடைமரக் காடு, நடுநடுவே பனை.

"எங்க போறிய?" என்றார் கண்டக்டர். சொன்னேன். அவர் இனியாவை ஒரு தடவை பார்த்தார். "இப்பம்லாம் அங்கன ஆளு அதிகம் எறங்குறதில்ல. நாலே முக்காலுக்கு இந்த வண்டிதான் திரும்ப வரும். விட்டுட்டியன்னா அடுத்தது ஆறரைக்குத்தான்."

இறங்கும்போது சரியாக இரண்டு மணி. அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து எழுநூறு மீட்டர் மணல் பாதை. காலில் செருப்பு போதாது, ஷூ போடுங்கள். நுழைவுச்சீட்டு பெரியவருக்கு அறுபது, குழந்தைக்கு நாற்பது. "ஆழ்கடல் அறை" காட்சி பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு மட்டும். நாங்கள் பத்து நிமிடத்தில் இரண்டு மணிக் காட்சியைத் தவறவிட்டிருந்தோம்.

பூங்கா பெரிதில்லை, நான்கு ஏக்கர் இருக்கும். நுழைந்ததும் ஒரு நடைபாதை, இருபுறமும் மாருதி கார் அளவில் ஃபைபர் சிப்பிகள். ஆள் பக்கத்தில் வந்ததும் வாய் திறந்து உள்ளே இருக்கும் முத்தைக் காட்ட வேண்டும். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் கருவி கெட்டுவிட்டது போலிருக்கிறது. நாங்கள் கடந்து பத்தடி போன பிறகுதான் திறந்தன. இனியா திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டே வந்தன. பாதையில் வேறு யாரும் இல்லை.

"அப்பா, என் பின்னாடியே வாங்க" என்று எனக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டாள்.

அடுத்தது பழைய முத்துக்குளி முகாமின் மாதிரி. ஓலைக் கொட்டகை, சிப்பிக் குவியல், வரிசையாகப் பத்துக் குளியாட்களின் பொம்மை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததால் பத்துக்கும் ஒரே முகம். வண்ணம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில் உரிந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் பழுதுபார்க்க வைத்திருந்த இன்னும் மூன்று, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கும் முகம் அதுவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் இனியா எட்டிப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

இதையெல்லாம் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். சிப்பி திறக்கும் மேசையில் முப்பது ரூபாய்க்கு ஒரு சிப்பி தருகிறார்கள், உள்ளே இருப்பது கண்ணாடி மணி. தவிர்க்கலாம். சாப்பாட்டுக் கடை மூடியிருந்தது, கையில் கொண்டுபோன புரோட்டா காப்பாற்றியது. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மூன்றரைக்குக் காரில் கிளம்பியதும், பூங்காவில் பார்வையாளர் என்று நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆழ்கடல் அறை, ஜன்னலில்லாத ஒரு வட்டக் கட்டடம். வாசலில் நின்றவர் தன் பெயர் சேவியர் என்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தோள் அகன்ற, அளவாகப் பேசும் ஆள். "ரெண்டு பேருன்னாலும் காட்டணும் சார். வாங்க" என்று உள்ளே விட்டார். படகின் உட்புறம் போலப் பலகை அடித்து, மூன்று வரிசை பெஞ்சு. நடுவே தரையில் கிணறு மாதிரி ஒரு திறப்பு, அதன் மேல் கண்ணாடி. உள்ளே நீல வெளிச்சம். பார்வையாளர் ஒருவர் கிணற்றருகே நின்று, ஓரத்துத் துளை வழியாக உள்ளே இறங்கும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் வரும் குரல் சொல்லும்போது இழுத்தால் கீழிருந்து குளியாள் பொம்மை மேலே வரும். கயிறு தானாக இரண்டு முறை சுண்டும், பயப்பட வேண்டாம் என்று சேவியர் விளக்கினார். இனியா தானே பிடிப்பதாக முன்னால் போனாள். நான் முதல் பெஞ்சில், அவளுக்கு நான்கடி தள்ளி. சேவியர் காட்சியை இயக்கும் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கிணற்று வெளிச்சம் உட்பட எல்லா விளக்கும் அணைந்தது.

முழு இருட்டு. அலைச் சத்தம் எழுந்தது. அதற்கிடையில் பின்கதவு ஒரு கோடு வெளிச்சமாகத் திறந்து மூடியது. யாரோ வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு முனகியது.

பிறகு குரல் வந்தது. சினிமாக் குரலில்லை. மூச்சு வாங்கப் பேசும் ஒரு சாதாரண ஆண் குரல், காதருகே.

"தண்ணி தெளிவாத்தான் கெடக்கு. நான் எறங்குதேன்."

என் பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "சரி."

அதுவும் ஒலிப்பதிவில் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் ஆண் குரல் நான்கு மூலைகளிலிருந்தும் வந்தது. அவளுடையது ஒரே இடத்திலிருந்து வந்தது.

"மச்சான், கயித்த விட்டுராத."

"அவன் விட மாட்டான். நீ போயிட்டு வா."

குரல் ஆழத்தை எண்ணத் தொடங்கியது. மூணு பாகம், அஞ்சு பாகம், ஏழு பாகம். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது. அவள் அந்த இடைவெளிகளை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஒரு முறைகூடக் குரலின் மேல் அவள் குரல் விழவில்லை. "குளுருது" என்றான் அவன். "அப்பம் வந்துரு" என்றாள்.

எழுந்து இனியாவிடம் போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தால் தடுமாறிக் கண்ணாடியில் விழுவேனோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தேன். பின்னால் பெஞ்சு மறுபடி முனகியது. காலடி என்னைக் கடந்து போனது. அப்போது கயிறு சுண்டியிருக்க வேண்டும்.

"அப்பா, உங்க கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?" என்றாள் இனியா.

என் இரண்டு கைகளும் என் முழங்காலின் மேல் இருந்தன.

"வாரேன்" என்றது குரல். "இழு."

கப்பி சுற்றும் சத்தம். கண்ணாடிக்குக் கீழே மறுபடி எரிந்த நீல வெளிச்சத்தில் பொம்மை மெல்ல ஏறி வந்தது. வழக்கமாக அப்போதே அறை விளக்கு எரிய வேண்டுமாம். அரை நிமிடம் எரியவில்லை. பிறகு எரிந்தது.

இனியாவுக்குப் பின்னால் நின்று, அவள் கைகளுக்கு மேலாகக் கயிற்றைப் பிடித்திருந்தாள் ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். நீலச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, மணிக்கட்டு வரை வெளுத்து ஊறிப்போன கைகள். மீன் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸில் நண்டு அடுக்குகிறவள் என்று பிறகு தெரிந்தது.

"பயந்துட்டியாளா? நல்லாத்தான் புடிச்சிருந்த" என்று இனியாவின் கன்னத்தைத் தொட்டாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த சேவியரைப் பார்க்காமலே, அவர் நிற்கும் இடத்தில் ஒரு தூண் இருப்பது போல விலகி நடந்து போய்விட்டாள்.

மணி நான்கு பத்தொன்பது. நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க எழுநூறு மீட்டர் நடக்க வேண்டும். ஆனால் சேவியர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. கேட்காமல் போக முடியவில்லை.

"என் தங்கச்சி சார். பிலோமி. அந்தக் கொரலு அவ வீட்டுக்காரரு, லூர்து."

பூங்கா கட்டும்போது உண்மையான ஒரு குளியாளின் குரல் வேண்டும் என்று கேட்டார்களாம். லூர்து சங்கு குளிக்கிறவர், சேவியர் அவருக்குப் படகில் துணை. ஒரே மதியத்தில் பதிவு முடிந்தது. அதற்கு ஒரு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, வேம்பாருக்கு வெளியே, பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் லூர்து இறங்கினார். காற்றுக் குழாயும் கயிறும் சேவியரின் கையில்.

"கயிறு சும்மா லேசா வந்துச்சு சார். இழுத்தேன். நுனியில ஒண்ணுமில்ல. குழாயும் அப்படித்தான். மூணு நாளு தேடுனோம். ஆளு கெடைக்கல." படியில் கிடந்த மணலைத் தட்டிவிட்டார். "கல்லறைத் தோட்டத்துல வைக்க ஒண்ணுமில்ல. அவ எங்க போவா? இங்கன வாரா. மூணு வருசமாச்சு. சனிக்கிழம தவறாது. எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல."

"இந்தக் குரலை மாத்தச் சொல்லலாமே" என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவ வந்து உக்காந்துட்டா. இனி எப்படி நிப்பாட்ட?" பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உள்ள அவ என்னமோ பேசுதா, இல்லையா சார்? வாயி அசையுறது கடைசி நீல வெளிச்சத்துல தெரியுது. என் கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒண்ணும் கேக்காது. கேக்குததுக்குப் பயந்துதான் கதவயும் சாத்திக்கிடுதேன். என்னய சாபம் விடுதாளா?"

இருட்டில் இன்னொருவருக்காகச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று தயங்கினேன். நான் தயங்கிய அந்த இடத்தில் இனியா சொல்லிவிட்டாள்.

"'கயித்த விட்டுராத'ன்னு அவர் சொன்னார்ல மாமா, அப்ப அந்த அத்தை 'அவன் விட மாட்டான், நீ போயிட்டு வா'ன்னாங்க. அவன்னா யாரு?"

சேவியர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நான்தான் பாப்பா" என்றார்.

பஸ்ஸை விட்டுவிட்டோம். ஐந்து மணிக்குப் பூங்காவை மூடிவிட்டு அவரே எங்களைத் தன் ஸ்கூட்டரில் முக்கிய சாலை வரை கொண்டுவந்து விட்டார். உப்புக் காற்று பலமாக அடித்தது. ஆறரை பஸ்ஸில் இனியா என் மடியில் தூங்கிப்போனாள். தூக்கத்தில் அவள் விரல்கள் எதையோ பிடித்தபடியே இருந்தன. கல்யாண வீட்டில் மனைவி "பார்க் எப்படி?" என்று கேட்டதற்கு, "பொம்மை நிறைய" என்று மட்டும் சொன்னேன்.

இந்தப் பதிவை எழுதுமுன் நேரங்களைச் சரிபார்க்கப் போன வாரம் சேவியரை அழைத்தேன். காட்சி நேரம் மாறவில்லை. மழைக்காலத்தில் மட்டும் நான்கு மணிக் காட்சி கிடையாது. சொல்லி முடித்தும் அவர் போனை வைக்கவில்லை.

"போன சனிக்கிழம கரண்டு இல்ல சார். ஜெனரேட்டரும் ஓடல. காட்சி இல்லன்னு சொல்ல உள்ள போனேன். அவ இருட்டுல கடசிப் பெஞ்சுல இருக்கா. ஏன் சத்தம் வரலன்னு கேட்டா. எங்கிட்டத்தான். 'கரண்டு இல்லளா'ன்னேன். 'அப்பம் நீ சொல்லு'ன்னா."

"சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன் சார். எனக்குத்தான் மனப்பாடமாச்சே. தண்ணி தெளிவாத்தான் கெடக்கு, நான் எறங்குதேன்னேன். சரின்னா. அதுக்கடுத்த 'மச்சான்'ங்கற வார்த்த எனக்கு வாயில வரல. அவதான் சொன்னா. அவரு சொல்லுததயும் அவளே சொன்னா, அவ பதிலயும் அவளே சொன்னா. நான் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பூங்காவுக்கு நிச்சயம் போகலாம். மூன்று மணி நேரம் போதும். பன்னிரண்டு மணி வாக்கில் போய் இரண்டு மணிக் காட்சியைப் பார்த்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். எந்த நாளும் போகலாம், சனிக்கிழமை நான்கு மணி மட்டும் வேண்டாம். அந்தக் காட்சிக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது.