கன்றின் வாய்க்கூடு

என் மகன் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு கன்றுக்குட்டியின் வாய்க்கூடு இருந்தது. தென்னங்கயிற்றில் பின்னிய சிறு வலைக்கூடை அது. மண் தின்னாமலும், நேரந்தவறித் தாயிடம் பால் குடிக்காமலும் இருக்கக் கன்றுக்கு மாட்டுவார்கள். அதன் கயிறு அவன் பின்மண்டையில் முடிச்சிடப்பட்டிருந்தது. அவன் அழவில்லை. கயிற்று ஓட்டைக்குள் விரலை விட்டுத் தன் நாக்கைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் ஐந்து வயது மகள் கைகட்டி நின்றாள், பரீட்சைத்தாளைக் கொடுத்துவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவள்போல.

பால் சொம்பை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. அவளுடைய ரிப்பனுக்காக நான் கற்றுக்கொடுத்த முடிச்சு. குழந்தையின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதன்பிறகு என் கை செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

அதுவரை அவளை அடித்ததில்லை. அந்தச் சத்தம் எனக்கே வேறு யாரோ அடித்ததுபோலக் கேட்டது.

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆறேழு மாடுகள். விடிவதற்குள் கறந்து, கேன்களைச் சைக்கிளில் கட்டி என் கணவர் சொசைட்டிக்குக் கொண்டுபோவார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. படித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? மகளிடம் வைத்தேன். எலுமிச்சம்பழம் கட்டிலடியில் உருண்டால் எடுத்துக் கொடுக்கமாட்டேன். "என்ன சங்கடம்? கையில என்ன இருக்குது?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்பேன். அவள் சுற்றிப் பார்த்து விளக்குமாற்றைக் கொண்டுவருவாள். மண்ணெண்ணெய் சிந்தாமல் ஊற்றப் பூவரச இலையைச் சுருட்டுவாள். காற்றில் அடிக்கும் கதவுக்கு ஓட்டுத்துண்டைச் செருகுவாள். எனக்குப் பெருமை தாங்காது. அடுத்த நிமிடமே, இந்த வயதுக்கு இது அதிகமோ, நாளைக்குக் கத்தியைத் தொட்டுவிடுவாளோ என்று பயமும் வரும்.

அந்த மாதம் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மகனுக்கு ஒன்றேகால் வயது. பால் மறக்கடிக்க வேண்டும், அவன் மறக்கமாட்டான். வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் சேர்த்துக் குடித்தான். புதுப்பற்களால் கடிப்பான். ரத்தம் வந்த அன்று அடக்கமுடியாமல் அழுதுவிட்டேன். சாணிக்கூடையோடு அந்தப் பக்கம் போன என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி, நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அழுவாத அம்மிணி. கன்னுக்குட்டியா இருந்தா ஒரு வாய்க்கூட்டை மாட்டி நிறுத்திப்போடலாம். இந்தக் காளைய என்ன பண்றது?"

"ரெண்டா மாட்டோணும்ங்க்கா. ஒண்ணு பத்தாது" என்றேன் நான். இருவரும் சிரித்தோம். மகள் வாசற்படியில் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அறைந்த சத்தம் கேட்டு ஓரகத்தி மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தார். கீழே கிடந்த வாய்க்கூட்டையும் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது எந்த வகுப்புப் பாடமுங்க? விளக்குமாத்தக் குடுத்தே, ஓட்டுத்துண்டக் குடுத்தே. இப்பப் பாரு, தம்பியவே கட்டிப்போட்டா!"

அவர் குனிந்து வாய்க்கூட்டை எடுத்தார். அது ஈரமாக இருந்தது. கழுவியிருந்தாள். உள்விளிம்பில், கயிறு உறுத்தாமலிருக்க, என் பழைய வெள்ளைப் புடவையின் கிழிசலைச் சுற்றியிருந்தாள்.

"யாரு சாமி இப்பிடிச் சுத்துனது?"

"நானுங்க பெரிம்மா. மொதல்ல நான் போட்டுப் பாத்தனுங்க. சொரசொரன்னு இருந்துச்சு. அப்பறந்தான் துணி."

அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னத்தில் என் விரல்கள் சிவந்து எழும்பியிருந்தன. அவற்றுக்குக் கீழே, முன்பே பதிந்து மங்கத் தொடங்கியிருந்த கயிற்றுத் தடம்.

கொட்டகை ஆணியில் எப்போதும் இரண்டு தொங்கும். ஒன்று இது. மற்றொன்று கருவேல முள் வைத்த மூக்குப்பட்டை. அதைக் கட்டிய கன்று பால் குடிக்கப் போனால் முள் மாட்டின் மடியில் குத்தும், மாடே உதைத்துத் தள்ளிவிடும். பால் மறக்க வேண்டிய கன்றுக்கு அதைத்தான் கட்டுவார்கள். அது நினைவுக்கு வந்ததும் மகனின் முகத்தை இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன். அதை எடுத்திருந்தால்?

ஓரகத்திக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். "நல்லவேளை, அந்த முள்ளுப்பட்டை உங்கண்ணுல படலியா?" என்றார்.

"பட்டுதுங்க. அதைப் போட்டா அம்மாளுக்குக் குத்துமுங்க. அம்மா அழுவாங்க. அதுதான் இதை எடுத்தேன்."

ஓரகத்தி என்னைப் பார்க்காமலே வாய்க்கூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளையாட்டாகச் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்கும். நான் மகளை இழுத்து அணைத்தேன். அவள் மரக்கட்டைபோல நின்றாள்.

"தம்பிக்குப் போடக்கூடாது கண்ணு. மூச்சு முட்டும். பயந்துக்குவான்."

"கன்னுக்குட்டிக்குப் போடறாங்களே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கொட்டகையில் கன்று கத்தியது. கேன்கள் வரிசையாக நின்றன. அந்தப் பாலில்தான் எங்கள் சோறு. "அது கன்னு" என்றேன். என் பயிற்சிப் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு மோசமான பதில் இருந்திருக்காது.

சாயங்காலம் கணவர் கேட்டார், "புள்ளைய அடிச்சியாமே?" ஆமாம் என்றேன். "வேற என்ன பண்ணுவே" என்றார். அது ஆறுதலா கேள்வியா என்று இன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. பந்து கட்டிலடியில் உருண்டது. அவள் விளக்குமாற்றைத் தேடவில்லை, "எடுத்துக் குடுங்கம்மா" என்றாள். கதவு படபடவென்று அடித்தது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சங்கடம்? கையில என்ன இருக்குது?" என்று கேட்டேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நீங்க சொல்லுங்க, செய்யறேன்" என்றாள். நான்கு நாள் இப்படி. ஊரார் பார்த்தால் நல்ல பிள்ளை என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். சொன்னதைச் செய்வேன், சொல்லாததைத் தொடமாட்டேன். ஓர் அறையில் அவளை நானாக மாற்றிவிட்டேனா?

ஐந்தாம் நாள் காலை, கேன் மூடி இறுகிக்கொண்டது. உள்ளே முந்தின நாள் கழுவ ஊற்றிய தண்ணீர் குலுங்கியது. கறந்த பாலை ஊற்றவேண்டும், கணவர் சைக்கிளோடு நிற்கிறார். நான் முறுக்கிப் பார்த்தேன், வழுக்கியது. இப்படி இறுகினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் தெரியல கண்ணு. நீ பாரு."

கணவர் மணியை அடித்தார். "நேரமாச்சு, ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"இருங்க" என்றேன். அவரிடம் அப்படி நான் சொன்னதே இல்லை.

அவள் கேனைச் சுற்றிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

"இதுக்கு வலிக்குங்களாம்மா?"

"இல்ல சாமி. தகரந்தான்."

"அப்பாவுக்கு?"

"அவங்களுக்கும் வலிக்காது."

உள்ளே போனாள். தோசை திருப்பும் சட்டுவத்தோடு வந்தாள். தட்டையான முனையை மூடிக்கடியில் செருகி, பிடியின்மேல் இரண்டு கைகளாலும் தொங்கினாள். டப்பென்று மூடி எகிறிக் கல்லில் விழுந்தது. அவள் துள்ளிக் குதிக்கவில்லை. சட்டுவத்தைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். எனக்கு அது போதும்போலவும் இருந்தது, போதாததுபோலவும் இருந்தது.

அன்று மத்தியானம் மகனுக்குப் பால் கொடுக்கும்போது மறுபடியும் கடித்தான். முந்தானையைப் பல்லில் கவ்விக்கொண்டேன். சத்தம் வெளியே வரவிடவில்லை. அடுத்த அறையில் அவள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.