மைனஸில் வந்த கால் ஏக்கர்

தானே அளந்து பார்க்காத எதையும் அப்பா நம்பமாட்டார். நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் நீளத்தைச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் டேப்பை எடுத்து மறுபடி அளந்தாராம். அரை அங்குலம் குறைந்ததாம். அம்மா இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், "குறைஞ்சது உண்மைதானே?" என்று அப்பா முறைப்பார். திருச்சியில் ரோடு அளந்துகொண்டிருந்த மனிதரை ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனி வரைபடப் பிரிவில் உட்கார வைத்திருந்தது. ஊர் மாறியதே தவிர டேப் மாறவில்லை.

எண்பதுகளின் நடுவில், எண்ணெய் விலை விழுந்து, டெக்ஸாஸில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போய்க்கொண்டிருந்த சமயம். நிலம் மலிந்து கிடந்தது. சுகர் லேண்டுக்கு அப்பால், ஃப்ரீவேயை விட்டு இறங்கி அரை மணி நேரம் போனால் பழைய கரும்புக் காட்டில் ஐந்து ஏக்கர். விற்பவர் ஒரு கிழவர். திங்கட்கிழமை கையெழுத்து.

அங்கே கட்டப்போகும் அந்த வீடு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்போது நாங்கள் அபார்ட்மெண்டில் மாடியில் இருந்தோம். நான் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார். அம்மா கிரைண்டர் போட்டால் இடிப்பார். ஒன்பது வயதுப் பெண் பூனை மாதிரி நடக்கப் பழகியிருந்தேன். தரையில் ஒரு வீடு, அதில் எனக்கென்று ஓர் அறை, நினைத்தபோது குதிக்கலாம். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பத்திரத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். நிலத்தின் எல்லை அதில் நடையாக எழுதியிருந்தது. ஓர் இரும்புக் கம்பியில் தொடங்கி, இந்தத் திசையில் இத்தனை டிகிரி திரும்பி இத்தனை வாரா நட, பிறகு அந்தத் திசையில் இத்தனை, என்று சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் அதே கம்பிக்கு வந்து நிற்கும். வாரா என்பது அந்த ஊர்ப் பழைய அளவு, இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. "பாத்தியா, இவங்களுக்கும் முழக்கணக்குதான்!" என்று அப்பாவுக்கு ஒரே குஷி.

நான் வாசிக்க, அவர் கால்குலேட்டரைத் தட்டுவார். ஒவ்வொரு நடையும் வடக்கே எவ்வளவு போயிற்று, கிழக்கே எவ்வளவு போயிற்று என்று பிரித்து, மூலைகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்களைக் குறுக்குக் குறுக்காகப் பெருக்கிக் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. வலமாகச் சுற்றினால் பிளஸில் வரும்படி அப்பா கணக்கை அமைத்திருந்தார். எட்டு மூலைகளும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஐந்து ஏக்கர், பிளஸ். அதன் கீழே 'நீங்கலாக' என்று தொடங்கி இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

"நார்த், டூ டிகிரீஸ் வெஸ்ட், முப்பத்தேழரை வாரா" என்று வாசித்தேன். பிறகு மேற்கு, பிறகு தெற்கு, பிறகு கிழக்கு. நான்கும் அதே முப்பத்தேழரை.

கால் ஏக்கர் வந்தது. ஆனால் மைனஸில் வந்தது.

"ஒழுங்கா படிச்சியா?"

"படிச்சேம்பா."

மூன்று முறை போட்டார். மூன்று முறையும் மைனஸ். வெளிச்சுற்றை வலமாக நடந்த அதே ஆள் இதை மட்டும் இடமாக நடந்து எழுதியிருக்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தத் துண்டை யாரும் விற்கக்கூடாது, சம்பந்தப்பட்டவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்துபோகலாம் என்றும் எழுதியிருந்தது. "பழைய எண்ணெய்க் கிணறா இருக்கும். மூடிட்டு போயிருப்பாங்க" என்றார் அப்பா. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு எதைப் பார்த்தாலும் எண்ணெய்க் கிணறுதான்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் போய் இறங்கினோம். அம்மா தயிர் சாதத்தோடு காரில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா காம்பஸும் நூறடி டேப்புமாக முன்னே போக, நான் பின்னே. கிணறு எதுவும் இல்லை. இடுப்புயரப் புல்லுக்கு நடுவில் ஐந்தாறு கறுத்த சீடர் மரங்கள், அவற்றின் அடியில் புல் மட்டும் குட்டையாக, யாரோ நேற்றுத்தான் வெட்டியது போல. வழியெல்லாம் காதைத் துளைத்த பூச்சிச் சத்தம் அங்கே கேட்கவில்லை. நான் அப்பாவிடம் அதைச் சொன்னேன். "வெயில்" என்றார்.

உள்ளே தரை சின்னச் சின்னப் பள்ளங்களாக, வரிசை வரிசையாக அமுங்கியிருந்தது. எனக்குக் கொண்டாட்டம். பாண்டி ஆடுகிற மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி எண்ணிக்கொண்டு போனேன். அப்பா ஒரு பள்ளத்தின் நீளவாக்கில் காம்பஸை வைத்தார். அடுத்ததில் வைத்தார். அதற்கடுத்ததிலும் வைத்தார். பத்திரத்தின் கோடு இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. பள்ளங்கள் சாயவில்லை. எல்லாமே நேர் கிழக்கு. அப்பா பத்திரத்தை எடுத்து இன்னொரு தரம் பார்த்தார்.

பிறகு பத்திரத்தில் இருந்தபடியே நான்கு கோடுகளையும் இழுத்தோம். நூறடி டேப்புக்கு மேல் இன்னும் நாலடி மிச்சம் வரும். மூன்றாவது கோட்டில் என்னை வடமேற்கு மூலையில் நிறுத்தி, டேப் நுனியை ஒரு முளையில் மாட்டி மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் தெற்கே போனார். குனிந்து அளந்துகொண்டு போனவரைப் புல் மறைத்துவிட்டது. முளை நன்றாகத்தான் நின்றது, என் கால் தேவைப்படவில்லை. மேற்கே, கோட்டுக்கு வெளியே, பத்தடி தள்ளி உயரப் புல்லுக்குள் இன்னொரு பள்ளம் தெரிந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. போய்ப் படுத்துப் பார்த்தேன்.

தலையும் காலும் சரியாகப் பொருந்தின. அந்த வெயிலிலும் மண் ஜில்லென்று இருந்தது. என்னைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டது மாதிரி ஒரு சுகம். அப்பா கூப்பிடுவது கேட்டது. இரண்டாம் முறையும் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. யாரோ பக்கத்தில் இருப்பது போலவும், நான் அசைந்தால் அவர்கள் கலைந்துவிடுவார்கள் போலவும் இருந்தது. பயமில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. மூன்றாம் முறை டேப் இழுபடும் சத்தத்தில்தான் எழுந்து ஓடினேன்.

நாலாவது கோட்டை முடித்து வெளியே வருவதற்குள் அம்மா காரை விட்டு இறங்கி வந்துவிட்டாள். குடை பிடிக்கவும் மறந்திருந்தாள்.

"ஏங்க, கொழந்தைய கூட்டிட்டு ஏன் எடமா சுத்தறீங்க? அது எதுக்கு சுத்தறதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அப்பா டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். அந்த மரத்தடியில் காலே வைக்காத அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், வேறெதையும் தொடவிடாமல், எங்கள் இரண்டு பேரையும் நேராகத் தலைக்குக் குளிக்க அனுப்பினாள். குளித்துவிட்டு வந்து நான் பெருமையாகச் சொன்னேன், மொத்தம் பத்தொன்பது பள்ளம் என்று.

ஞாயிறு காலையில் அப்பா அந்தக் கிழவருக்கு ஃபோன் செய்தார். நான் டிவி பார்ப்பதாகப் பேர். கிழவரின் தாத்தா காலத்தில் கரும்பு வெட்ட வந்து அங்கேயே தங்கிவிட்டவர்களாம். அந்த ஊரில் எல்லாரையும் கிழக்கே பார்க்கத்தான் வைப்பார்களாம். பெயரெல்லாம் தெரியாதாம், எண்ணிக்கை மட்டும் உண்டாம். பதினெட்டாம். யாரும் வந்து பார்ப்பதில்லையாம். அவர்தான் புல் வெட்டி விடுகிறாராம். எதற்காகப் பெயர், எதற்காக எண்ணிக்கை என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் துரத்திவிடுவார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அப்பா சொன்னதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அவங்க பாட்டுக்கு அவங்க கோட்டுக்குள்ள இருக்கட்டும். வேலி போட்டுடலாம், நானே வெளக்கு வைக்கிறேன். ஆனா கோட்டுக்கு வெளியில ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் எனக்கு இந்த எடம் வேண்டாம். ஒண்ணு இருந்தா இன்னும் எத்தனையோ, யாருக்கு தெரியும்?"

"அதான் பதினெட்டுன்னு சொல்றாரே."

"கொழந்த பத்தொன்பதுன்னாளே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "பாப்பா, கோட்டுக்கு வெளியில எதாவது பள்ளம் பாத்தியா? யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். ஒரு பள்ளத்தை மூட எவ்வளவு மண் வேண்டியிருக்கும், அதற்குப் போய் வீடு வேண்டாம் என்கிறார்களே என்றுதான் யோசித்தேன். கீழ்வீட்டுத் துடைப்பக் கட்டையை யோசித்தேன்.

"இல்லப்பா. ஒண்ண ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

அப்பா எழுந்துபோய்க் கணக்குத் தாளில் எதையோ எழுதிக் கீழே கோடு போட்டார். மறுபடி போய்ப் பார்க்கலாம் என்று அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கையெழுத்தாயிற்று. அடுத்த வருஷம் வேலியும் வந்தது, வீடும் வந்தது. வீடு வேலிக்கு மேற்கே வந்தது. என் அறை அதன் கிழக்கு ஓரத்தில், வேலியிலிருந்து பத்தடி தள்ளி.

புது வீட்டில் முதல் நாளே கட்டிலில் விழுந்ததும் தூங்கிப்போனேனாம். புது இடத்தில் தூக்கம் வராமல் படுத்தும் பிள்ளை எப்படி இப்படித் தூங்குகிறது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோவாள். வெள்ளிக்கிழமைதோறும் வேலி ஓரத்தில் பதினெட்டு அகல் வைப்பாள். தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே நிற்பேன், ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வேன். என் உயரத்தில் ஒரு பிள்ளை அந்த மண்ணில் இருந்தது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதும், என்னைக் கேட்டபோது நான்தான் அதை இல்லையென்று சொன்னேன் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.